ஜன்னலோரக் காணிக்கை

விடிவதற்கு முன்பே ஜெபக்கனியின் அடுப்பில் இரண்டு பேருடைய தியாகம் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தியாகம் உள்ளறையிலிருந்து கத்தியது.

"அம்மா, மணி என்ன?"

"அஞ்சே முக்கால்."

"இன்னைக்கு காலேஜ் பஸ் லேட்டா வருதான்னு குரூப்புல போட்டிருக்காங்களா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? செல்ல எடுத்துப் பாரு."

"நாந்தான் செல்ல விட்டுட்டேன்லம்மா. நீ பாத்துச் சொல்லு."

ஜெபக்கனி மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மகள் பெர்சிஸின் செல்போனை எடுத்துப் பார்த்து, பஸ் நேரத்துக்கு வரும் என்று சொன்னாள். கூடவே வந்திருந்த பதினெட்டு செய்திகளையும் மகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க வாசித்துக் காட்டினாள். கையால் தொடக் கூடாது என்றுதான் பொருத்தனை, காதால் கேட்கக் கூடாது என்று இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளை அந்தச் சபையில் லெந்து நாள் என்பார்கள். மனசுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிடுவது வழக்கம். வீட்டுக்காரர் மாசிலாமணி காபியை விட்டிருந்தார். காபி போடுவது ரெண்டு நிமிஷ வேலை. இப்போது அதற்குப் பதிலாகச் சுக்கைத் தட்டி, மல்லியை வறுத்து, கருப்பட்டியைக் கரைத்து வடிகட்ட வேண்டும். காபி குடிக்காத தலைவலிக்குத் தினமும் சாயங்காலம் நெற்றியில் தைலம் வேறு தேய்த்துவிட வேண்டும். மாமியார் சாராள் கவிச்சியை விட்டிருந்தார். விட்டதோடு நிற்காமல், கருவாடு பட்ட சட்டியோ கரண்டியோ தன் சாப்பாட்டுப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். ஆகவே அந்த வீட்டில் இரண்டு சமையல், இரண்டு கழுவல்.

மொத்தத்தில் வீட்டில் மூன்று பேரும் ஆண்டவருக்காகத் தியாகம் செய்தார்கள். வேலை மட்டும் ஜெபக்கனி செய்தாள்.

இதில் அவளுக்குக் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு குறைதான். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் எதை விட்டோம் என்று சாட்சி சொல்வார்கள். ஒருத்தி மல்லிகைப்பூவை விட்டிருப்பாள், ஒருத்தி டிவி நாடகத்தை விட்டிருப்பாள். கல்யாணமாகி இருபது வருஷமாக ஜெபக்கனி மட்டும் அந்த நேரம் பார்த்துப் பாய் மடிக்கிற சாக்கில் பின்பக்கமாக நழுவிவிடுவாள். இந்த வருஷமாவது ஆண்டவருக்கு என்று தன்னுடையது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு மனசு கிடந்து அடித்தது.

ஆனால் எதைக் கொடுப்பது? காபியா? எல்லோருக்கும் ஊற்றி மிஞ்சினால்தான் அவளுக்கு. மீனா? அவளுக்கு வருவது வால்துண்டு. நாடகமா? அதை அவள் பார்த்ததே இல்லை, அடுப்படியில் நின்றபடி கேட்டதோடு சரி. முகம் தெரியாத அந்த மருமகள் அழுகிற குரலை விடுவதை எப்படித் தியாகம் என்று சொல்வது?

வீட்டில் யோசனை கேட்டாள்.

"நீ என்னத்த விடப் போற? நீ விட்டா வீடு என்னத்துக்காகும்?" என்றார் மாசிலாமணி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

"கோவத்த விடு," என்றார் மாமியார்.

"உப்ப விட்டுரும்மா," என்றாள் மகள்.

உப்பு நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாளே விட்டாள். தன் பங்கை எடுத்து வைத்துவிட்டு மற்றதில் உப்புப் போட வேண்டும் என்பதை அந்த அவசரத்தில் மறந்து, மூன்று பேருக்கும் சேர்த்து உப்பை விட்டுவிட்டாள். மதியம், தான் வேலை பார்க்கிற அச்சுப் பிரஸ்ஸில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த மாசிலாமணி ஒரு வாய் வைத்துவிட்டு அவளுக்குப் போன் பண்ணினார். அவர் பேசிய பேச்சில் உப்பு, காரம் இரண்டும் இருந்தன.

"ஒனக்கு வேணும்னா நீ விடு. எங்க நாக்க ஏன்டி விடச் சொல்லுத?" என்று சாயங்காலம் மாமியார் முடித்துவைத்தார். உப்பு திரும்ப வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில் ஒரே போடாகப் போட்டார். "மிச்சத்தக் கொடுக்காதீங்க. எது ஒங்களுக்கு இனிப்போ அதக் கொடுங்க. காலையில கண்ணு முழிச்சதும் எத நெனச்சு ஒங்க மனசு குளிருதோ, அதத்தான் ஆண்டவர் கேக்காரு."

ஜெபக்கனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒன்று அவளிடம் இருந்தது. அதை யாரோ போய்ப் போதகரிடம் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தாள்.

அது கம்பெனி வேனில் ஒரு சீட்டு.

வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிற ஒரு பட்டாசு கம்பெனியில் அவளுக்கு வேலை. புஸ்வாணத்தைப் பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்ட வேண்டும். காலையில் கம்பெனி வேன் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு, நாரணாபுரம் தாண்டி, ரோடு பிரிகிற ஒரு விலக்கில் வந்து நிற்கும். ஜெபக்கனி அங்கேதான் ஏறுவாள். அதற்குள் வண்டியில் பாதிக்கு மேல் ஆட்கள் இருப்பார்கள். ஆனாலும் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரமாக ஒரு சீட்டு மட்டும் அவளுக்காகவே காலியாக இருக்கும். பக்கத்துச் சீட்டில் இருக்கும் முருகேஸ்வரி எழுந்து வழிவிட, ஜெபக்கனி உள்ளே போய் உட்கார்ந்து, கம்பியில் தலையைச் சாய்த்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான். கம்பெனி கேட்டில் முருகேஸ்வரி தட்டி எழுப்புகிற வரைக்கும் அவளுக்கு மாமியாரும் இல்லை, மகளும் இல்லை, சுக்குமல்லியும் இல்லை. முக்கால் மணி நேரம் அவள் யாருக்கும் எதுவும் இல்லை.

கர்த்தர் தனக்கென்று ஒதுக்கி வைத்த இடம் அது என்று அவள் உறுதியாக நம்பினாள். ஏழு வருஷமாக ஒரு நாள் தவறாமல் ஒரு சீட்டு தானாகக் காலியாக இருக்குமென்றால் அது வேறு என்ன? தினமும் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் தூங்குவாள்.

அதைத்தான் இப்போது ஆண்டவர் கேட்கிறார். திங்கட்கிழமை வேனில் ஏறியதும், முருகேஸ்வரி வழக்கம்போல எழுந்து வழிவிட்டாள்.

"இல்லடி, நான் இங்கன ஒக்காரல," என்றாள் ஜெபக்கனி.

"ஏங்க்கா? மேலுக்குச் சொகமில்லையா?"

"ஈஸ்டர் வரைக்கும் இந்த சீட்ட நான் ஆண்டவருக்காக விட்டுட்டேன். நீ ஜன்னல்ல ஒக்காந்துக்கோ."

முருகேஸ்வரி திருத்தங்கல்காரி. மெலிந்த உடம்பு, பேச்சும் மெலிசு. அவள் ஜெபக்கனியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம்க்கா. அது ஒங்க எடம். நீங்களே ஒக்காருங்க."

"சாமிக்குக் குடுத்தத திரும்ப வாங்கச் சொல்லுதியா?"

 முருகேஸ்வரி தன் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கடைசி வரிசைக்குப் போய், எல்லோரையும் தூக்கித் தூக்கிப் போடுகிற அந்த நீள சீட்டில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட வேலை பார்க்கிறவளுக்கு நம் தியாகத்தைப் பார்த்துப் பொறாமை வருவதும் சோதனைகளில் ஒன்றுதான் என்று ஜெபக்கனி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

காலியான சீட்டில் ராமுத்தாய் உட்கார்ந்தாள். ராமுத்தாய் நல்ல மனுஷி. ஆனால் வாய் நிறைய வெற்றிலை. வேன் வேகமெடுத்ததும் அவள் ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். காற்று அதை எடுத்துக்கொண்டு போய் அடுத்தடுத்த மூன்று ஜன்னல்கள் வழியாக உள்ளே கொண்டுவந்தது.

"ஏ ராமுத்தாயி! கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"நான் வெளியதான துப்புனேன்! காத்து அடிச்சா நானா பொறுப்பு?"

"இம்புட்டு நாளா அந்தச் சீட்டுல ஒரு பொம்பள தூங்கிக்கிட்டு வந்தா. வண்டி நிம்மதியா இருந்துச்சு. யாரு அவள எந்திரிக்கச் சொன்னது?"

எல்லோரும் திரும்பி ஜெபக்கனியைப் பார்த்தார்கள். அவள் நடு வரிசையில், மடியில் அடுத்தவள் சோற்றுப் பையையும் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாய்வதற்கு அங்கே கம்பி இல்லை.

ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. அதைச் சரிபண்ண ஜெபக்கனியே ஒரு வழி சொன்னாள். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து ஜன்னலில் உட்காரலாம். கேட்கிறதற்கு நியாயமாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்காரி லீவு போட்டாள். அவள் முறை புதன்கிழமைக்குப் போகுமா, போகாதா என்ற வழக்கு செவ்வாய் காலையில் தொடங்கி வெள்ளிவரை தீரவில்லை. வியாழனன்று இரண்டு பேர் ஒரே சீட்டில் பாதிப் பாதியாக உட்கார்ந்து வந்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல். வெள்ளிக்கிழமை வாய்ச்சண்டை முற்றி, ஒருத்தியின் தூக்குவாளி ஜன்னல் வழியாக ரோட்டில் விழுந்து, அதை எடுக்க வேனைப் பின்னால் எடுத்து, கம்பெனி கேட்டுக்குப் போகும்போது எல்லோருக்கும் லேட்.

டிரைவர் அய்யாதுரை பொறுமைசாலிதான். ஆனால் பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு. சனிக்கிழமை காலையில் பார்த்தால் அந்தச் சீட்டின் மேல் வேனின் ஸ்டெப்னி டயர் உட்கார்ந்திருந்தது, கயிறு போட்டுக் கட்டிய நிலையில்.

"இனிமே இதான் ஒக்காரும். இதுக்கு வெத்தலையும் கெடையாது, லீவும் கெடையாது," என்றார் அய்யாதுரை.

சண்டை நின்றது. ஆனால் வண்டியில் ஒரு சீட்டு குறைந்துவிட்டது. யார் நிற்பது என்று யாரும் பேசவில்லை, எல்லோரும் ஜெபக்கனியைப் பார்த்தார்கள். ஆரம்பித்து வைத்தவள் அவள்தானே. அன்றிலிருந்து அவள் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வெம்பக்கோட்டை போனாள். எதிரே டயர் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்னல் காற்றை வாங்கிக்கொண்டு வந்தது.

'ஆண்டவரே, நான் ஒமக்குன்னு குடுத்தேன். நீரு அத டயருக்குக் குடுத்துட்டீரே' என்று அவளுக்கு ஒருநாள் வாய்வரை வந்துவிட்டது. உடனே அந்த நினைப்புக்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

தூக்கம் அதன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரத் தூக்கம்தானே என்று அவள் லேசாக நினைத்துவிட்டாள். அந்த முக்கால் மணி நேரத்தை வைத்துத்தான் மிச்ச இருபத்துச் சொச்ச மணி நேரமும் ஓடியிருக்கிறது என்பது போன பிறகுதான் தெரிந்தது. மதியம் வேலைக் கொட்டகையான செட்டில் உட்கார்ந்தால் கண் சொருகியது. ஒருநாள் போர்மேன் செந்தூர்பாண்டி அவள் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? லேபிள் தலைகீழா இருக்கு?"

"ஐயையோ அண்ணாச்சி, ஒண்ணு தவறிருச்சு போல."

"ஒண்ணா? இந்த அடுக்கு பூராவும் தலைகீழா நிக்கி. இத வாங்கிட்டுப் போறவன் புஸ்வாணத்தக் கவுத்து வச்சுப் பத்தவச்சா யாரு பதில் சொல்லுதது?"

ஜெபக்கனிக்குக் கண்ணில் நீர் முட்டியது. செந்தூர்பாண்டி குரலைத் தணித்தார்.

"இங்க பாருங்கம்மா. இது ஜவுளிக்கடை இல்ல, வெடி கம்பெனி. இங்கன கண்ணு அசந்தா ஒங்க உசுரு மட்டுமில்ல, அடுத்தவ உசுரும் போகும். ஒங்க நேர்த்தி முடியுற ஈஸ்டர் வரைக்கும் நீங்க செட்டுக்குள்ள வர வேண்டாம். வெளிய பெருக்கித் தண்ணி தெளிங்க. அதுக்கப்புறமும் இப்பிடித்தான்னா வேற எடம் பாத்துக்கிடுங்க."

பங்குனி வெயிலில் கம்பெனி வளாகத்தைப் பெருக்குவது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருக்கிய மண்ணே திரும்ப வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்குமாற்றைப் பார்த்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

வேலை போய்விட்டால் பெர்சிஸின் படிப்பு நின்றுவிடும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். 'பேசாம போய் அந்த டயர எறக்கிட்டு ஒக்காந்துக்கோ' என்று மனசு தினமும் சொன்னது. ஆனால் ஆண்டவருக்கு முதன்முதலாகக் கொடுத்த ஒன்றைப் பாதியில் திரும்பக் கேட்பதா? கொடுக்கிறதுக்கு என்று அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான். குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கொஞ்ச நாளுக்குள் வீட்டிலும் குண்டு வெடித்தது. ஒருநாள் சாயங்காலம் நின்றபடியே தூங்கிக்கொண்டு சமைத்தாள். கண்ணைத் திறந்து பார்த்தபோது மாமியாரின் ரசம் கருவாட்டுச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் சாராள் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டார்.

"இன்னைக்கு ரசம் நல்லா இருக்கே," என்று இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். மூன்றாம் முறை கரண்டியில் ஒரு நெத்திலித் தலை வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிப்பது நாகரிகம் இல்லை. "நாலு வாரமா கவிச்சி தொடாம கட்டிக்காத்த ஒடுக்கத்த ஒரே கரண்டியில கெடுத்துட்டாளே! இவ சீட்ட விட்டது ஆண்டவருக்கா, என்னையக் கெடுக்கதுக்கா?" என்று சாராள் தெருவுக்கே கேட்கும்படி ஜெபம் பண்ணினார். மாசிலாமணிக்குத் தலைவலி இரட்டிப்பானது. ஜெபக்கனி அவர் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அவர் நெற்றியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அவர் எழுப்பவில்லை. எழுப்ப முயன்று, அவள் எழுந்திருக்காததால் விட்டுவிட்டார் என்பதுதான் உண்மை.

கடைசியில் குருத்தோலை ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து, கையில் குருத்தோலைச் சிலுவைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சர்க்கரையைச் சொன்னாள். ஒருத்தி நாடகத்தைச் சொன்னாள். சாராள் எழுந்து, தான் கவிச்சியை விட்டதையும், சத்துருவாகிய சாத்தான் அதைக் கெடுக்க எப்படி வீட்டுக்குள்ளேயே வந்தான் என்பதையும் சொல்லி உட்கார்ந்தார். அப்புறம் ஜெபக்கனி எழுந்தாள். பாய் மடிக்கப் போகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் நகர்ந்து வழிகூட விட்டார்கள்.

"எனக்குன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. கம்பெனி வேன்ல ஜன்னலோரமா ஒரு சீட்டு இருந்துச்சு. ஏழு வருசமா ஆண்டவரு எனக்குன்னு காலியா வச்சிருந்தாரு. காலையில அங்கன தலையச் சாச்சுத் தூங்கிருவேன். எனக்கு அம்புட்டுதான் சொகம். அத ஆண்டவருக்குக் குடுத்தேன். இப்ப நின்னுக்கிட்டே போறேன். செட்டு வேலையும் போயிருச்சு, பெருக்குதேன். ஆனாலும் குடுத்தத திரும்பக் கேக்கல."

 எங்கோ ஒரு மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு நான்கைந்து மூக்குகள். போதகர் எழுந்து நின்றார்.

"வேதத்துல, காணிக்கைப் பெட்டியில தன்கிட்ட இருந்த ரெண்டு காசையும் போட்டாளே ஒரு விதவை, அவளுக்குப் பக்கத்துல ஒக்கார வேண்டிய ஆளு இந்தத் தாயி. இவங்க மிச்சத்தக் கொடுக்கல. தனக்கு உண்டானத எல்லாம் கொடுத்துட்டாங்க."

சாராள் பக்கத்தில் இருந்தவளின் முழங்கையை இடித்து, "எம் மருமக," என்றார்.

மதியம் சாப்பாட்டில் மாசிலாமணி, தன் தட்டில் இருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் மீனின் நடுப்பகுதி எப்படி இருக்கும் என்று அவள் அன்றுதான் பார்த்தாள். பழக்கத்தில் முள்ளைத் தேடினாள். முள்ளே இல்லாத துண்டு.

திங்கட்கிழமை விலக்கில் வேனுக்காக நின்றபோது ஜெபக்கனிக்கு உடம்பு அசதியாக இருந்தாலும் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. கூட ஏறுகிற சபைப் பெண்கள் மூன்று பேர் அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யக்கா, ஒங்க சாட்சியக் கேட்டு எங்களுக்குப் பொறுக்கல. இந்தப் பாடுகளின் வாரம் மட்டும், ஈஸ்டர் வரைக்கும், நாங்களும் ஜன்னல் சீட்ட விட்டுட்டோம்."

வேன் வந்தது. ஏறினார்கள். ஜன்னலோரமாகக் கிடைத்த சீட்டுகளை மூன்று பேரும் கும்பிட்டு மறுத்துவிட்டு, ஜெபக்கனியோடு வரிசையாகக் கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

"ஏ, எடம் கெடக்குல்லா? ஒக்காருங்களேன்," என்றாள் ராமுத்தாய்.

"அது சாமிக்கு விட்டது," என்றாள் ஒருத்தி.

இதுதான் வினையானது. சாமிக்கு நேர்ந்து விட்ட கிடாயை அந்தப் பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள். காட்டில் மேய்ந்தால் விரட்டக்கூட மாட்டார்கள். கிடாய்க்கு உண்டானது சீட்டுக்கும் உண்டுதானே? யார் சாமியாக இருந்தால் என்ன, சாமி சாமிதான்.

"ஆத்தாடி! அப்ப நான் அன்னைக்கு அதுல ஒக்காந்து வெத்தல துப்புனேனே!" என்று ராமுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தலையில் இருந்து ஒரு கிள்ளு பூவை எடுத்து ஸ்டெப்னி டயரின் மேல் வைத்துக் கும்பிட்டாள். ஏற்கெனவே மற்ற ஜன்னல்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் உள்ளுக்குள் உதறல் எடுத்தது. எந்தச் சீட்டு விட்டது, எந்தச் சீட்டு விடாதது என்று யாருக்குத் தெரியும்? எதற்கு வம்பு என்று ஒவ்வொருத்தியாக எழுந்து நடுவில் வந்து நின்றுகொண்டாள். அடுத்த விலக்கில் ஏறியவர்கள், முன்னால் நிற்பவர்களைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்காமலே நின்றார்கள்.

சிறிது தூரம் போனதும் அய்யாதுரை கண்ணாடியில் பார்த்தார். ஜன்னலோரம் பூராவும் காலி. நடுவில் தேர்க்கூட்டம். வளைவில் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது முழுக் கூட்டமும் சாய்ந்து, அவர் தோள் மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னதான் நடக்கு இங்க? சீட்டு பூராவும் காலியா கெடக்கு, அம்புட்டுப் பேரும் தொங்கிக்கிட்டு வாரீக! மொதலாளி கண்ணுல பட்டா நாளையிலருந்து சீட்டே இல்லாத லாரியத்தான் அனுப்புவாரு!"

"நாங்க சாமிக்கு விட்டிருக்கோம்ண்ணே," என்றாள் சபைப் பெண் ஒருத்தி.

"யாரு ஆரம்பிச்சு வச்சது இத?"

எல்லோரும் ஒதுங்கி ஜெபக்கனிக்கு வழி விட்டார்கள். அந்த இடைவெளியில் கடைசி வரிசை தெரிந்தது. அங்கே முருகேஸ்வரி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வாரமாக ஜெபக்கனியோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் வெளிறி, கண் உள்ளே போயிருந்தது. இத்தனை பேர் முன்னால், அதுவும் நேற்றைய சாட்சிக்குப் பிறகு, இந்தப் பொறாமையை மன்னித்துவிடுவதுதான் முறை என்று ஜெபக்கனிக்குத் தோன்றியது.

"ஏட்டி முருகேஸ்வரி," என்றாள் கனிவாக. "நான் சாமிக்கு ஒண்ணக் குடுத்தேன்னு ஒனக்கு ஏன்டி இம்புட்டு வருத்தம்? நீயும் மனசு வச்சா குடுக்கலாம். குடுக்கதுல இருக்க சந்தோசம் குடுத்தவுகளுக்குத்தான் தெரியும்."

 முருகேஸ்வரி டிரைவரைப் பார்த்து, 'வேண்டாம்' என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள்.

அய்யாதுரை தலையில் அடித்துக்கொண்டார்.

"யக்கா, ஜன்னல் காத்து இல்லாட்டி கொமட்டிக்கிட்டு வார புள்ள அது, ஏழு வருசமா மொத ஆளா ஏறி, அந்த ஜன்னல் சீட்டுல தம் பையப் போட்டு, 'பாவம், அந்த அக்கா தூங்கட்டும்'னு ஒங்களுக்குப் புடிச்சு வச்சதே அதுதான், அது ஒங்களுக்குக் குடுத்தத எடுத்துத்தான் நீங்க ஒங்க சாமிக்குக் குடுத்திருக்கீக!"